மழை, மார்ச், மாறுதல்: வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்பவருக்கு

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குத் தலைவராக வருபவர், முதல் வாரத்தில் தம் மேசைக்கு வந்து சேரும் கோப்புகளின் உயரத்தைப் பார்த்து, இனித் தம் வேலை கையெழுத்துப் போடுவதுதான் என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் அவரிடம் ஒப்படைக்கப்படுவது ஒன்றோடொன்று ஒத்துவராத மூன்று காலக்கணக்குகள். முதலாவது மழையின் கணக்கு: வட ஆர்க்காட்டுப் பகுதியில் தென்மேற்குப் பருவமழையை நம்பி மானாவாரிக் கொல்லைகளில் நிலக்கடலை விதைக்கப்படுகிறது, வடகிழக்குப் பருவமழை ஏரியையும் கிணற்றையும் நிரப்பினால்தான் நவரை நெல் உண்டு. இரண்டாவது பணத்தின் கணக்கு: அது ஏப்ரல் 1இல் பிறந்து மார்ச் 31இல் இறந்துவிடும். மூன்றாவது ஆட்களின் கணக்கு: பணி மாறுதல், ஓய்வு, முதுநிலை மாணவர்களின் படிப்புக்காலம், நடவு நாளில் கிடைக்கும் அல்லது கிடைக்காத கூலியாட்கள். பொறுப்பேற்ற பத்து நாட்களுக்குள் இந்த மூன்றையும் மாதவாரியாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இதைவிடப் பெரிய உத்திகள் சொல்லித்தரப்படுகின்றன. எனக்குப் பயன்பட்டது இந்தத் தாள்தான்.

வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அமைந்துள்ள விரிஞ்சிபுரத்தில், மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குள், நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் ஆய்வுக் குழுவினரை அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம். விருந்தோம்பல் ஒரு காரணம். நம் வேலை முழுவதும் காலத்தைப் பற்றியதுதான் என்பதை அவர்களுக்கு விரிவுரையின்றிச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை என்பது இன்னொரு காரணம்.

நிலையத்தின் இடத்தை முதலில் வரைபடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் கல்விதான் பின்னர் கோயம்புத்தூருக்குச் சென்று, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உருவானது. தமிழகத்தின் ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களுள் நம் பகுதி வடகிழக்கு மண்டலத்தைச் சேர்ந்தது. கரும்புக்கு மேலாளத்தூர், எண்ணெய்வித்துக்குத் திண்டிவனம், சிறுதானியத்துக்குத் திருவண்ணாமலை மாவட்டத்து அத்தியந்தல் என அண்டை நிலையங்கள் இருக்கின்றன. அவை ஏற்கெனவே செய்யும் வேலையை உங்கள் நிலையத்தில் மறுபடியும் தொடங்குவதற்கு முன், அந்த நிலையத் தலைவரைத் தொலைபேசியில் அழையுங்கள். இந்த ஒரு அழைப்பு பல திட்ட முன்மொழிவுகளைத் தேவையற்றதாக்கிவிடும். 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தபிறகு, பழைய மாவட்டப் புள்ளிவிவரத்தையும் புதியதையும் அருகருகே வைத்து, “பரப்பு குறைந்துவிட்டது” என்று எழுதிய அறிக்கைகளும் என் கண்ணில் பட்டிருக்கின்றன. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபோதும் இதே தவறு நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

ஆராய்ச்சி மேலாண்மையில் மிகுந்த செலவை ஏற்படுத்தும் தவறு, யாரும் கேட்காத கேள்விக்கு மூன்று ஆண்டுகள் உழைத்து விடை காண்பது. இதைத் தவிர்க்க, திட்டம் எழுதும் விஞ்ஞானி எழுதுவதற்கு முன் குறைந்தது ஐந்து ஊர்களுக்காவது நேரில் சென்றுவர வேண்டும் என்பதைத் தலைவர் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். செல்பவர் வினாத்தாளை எடுத்துச் செல்வதில் தவறில்லை. ஆனால் அதிலுள்ள சொற்கள் ஊர்ச்சொற்களாக இருக்க வேண்டும். இங்கே நன்செய் என்றால் கழனி, புன்செய் என்றால் கொல்லை. நிலக்கடலை என்று படிவத்தில் இருப்பதைப் பலர் மல்லாட்டை என்பார்கள். அளவுகளில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. “காணிக்கு முப்பது மூட்டை” என்று ஒரு விவசாயி சொன்னால், காணி என்பது 57,600 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 132 சென்ட் என்பதை அறியாத இளைஞர் அதை ஏக்கர் என்றே எழுதிக்கொள்வார். நெல் மூட்டை 75 கிலோ என்று கொண்டால் அந்த விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 4,200 கிலோ. காணியை ஏக்கர் என்று எழுதினால் அதுவே 5,500 கிலோவைத் தாண்டிவிடும். இந்த வேறுபாடு, நாம் பெருமையாக அறிவிக்கும் பல தொழில்நுட்பங்களின் பயனைவிடப் பெரியது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் காணி எத்தனை சென்ட், மூட்டை எத்தனை கிலோ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதிய பின்பே விளைச்சலைப் பற்றிப் பேச வேண்டும். நிலக்கடலை மூட்டையும் நெல் மூட்டையும் ஒரே எடை அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்; சொல்லவேண்டியிருந்தது.

ஊருக்குச் சென்றால் கேள்வியே மாறிவிடுவதும் உண்டு. சவ்வாது மலையில் சாமை பயிரிடும் குடும்பங்களிடம் “கூடுதல் விளைச்சல் தரும் ரகம் வேண்டுமா” என்று கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வார்கள். விருந்தினரிடம் வேறென்ன சொல்வார்கள்? பேச்சை வளரவிட்டு அடுப்படிப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கேட்டால், சாமையின் உமியை நீக்கி அரிசியாக்கும் பாடு முதலில் வரும். அந்தப் பாட்டைக் குறைக்காமல் ரகத்தை மட்டும் மாற்றினால், விளைந்த கூடுதல் தானியம் அரிசியாக வீட்டில் தங்காமல் அப்படியே வியாபாரிக்குப் போய்விடும். இப்படிப்பட்ட இடத்தில் பயிர்ப்பெருக்க விஞ்ஞானியோடு வேளாண் பொறியியல் துறையினரையும் திட்டத்தில் சேர்ப்பது தலைவரின் முடிவு. அந்த முடிவைத் துறைத்தலைவர்கள் தாமாக எடுக்கமாட்டார்கள், ஏனென்றால் நிதி துறைவாரியாகத்தான் வருகிறது.

பாலாற்றுப் படுகையில் இன்னொரு சிக்கல். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் நிலமும் நீரும் கெட்டதைத் தொடர்ந்தே, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. அந்தப் பகுதிக்கு நாம் தரும் பரிந்துரை, நிலையத்தின் நல்ல மண்ணில் எடுத்த முடிவாக இருந்தால் அது அங்கே செல்லாது. உழவர் வயலில் ஆய்வு அமைக்கும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும். மண்ணின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர்நிலம்; நீரில் எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லிசமானத்துக்கு மேல் இருந்தால் அது பாசனத்துக்கு ஆகாது. இந்த எண்களைக் குறிக்காத உழவர் வயல் ஆய்வறிக்கையைத் தலைவர் திருப்பி அனுப்பலாம், நான் அனுப்பியிருக்கிறேன், அதனால் சிலர் என்னோடு ஒரு பருவம் முழுவதும் சரியாகப் பேசவில்லை.

உள்ளூர் விதைகளைச் சேகரிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். வேலூர் முள் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது; இலவம்பாடிச் சுற்றுவட்டார விவசாயிகள் தலைமுறைகளாகக் காத்த விதை அது. இப்படிப்பட்ட விதையை ஆய்வுக்கு எடுக்கும் விஞ்ஞானி, கொடுத்தவர் யார், எந்த ஊர், எந்த நாள், எதற்காகப் பெற்றோம் என்பதை எழுதி, கொடுத்தவரிடமும் ஒரு பிரதியைத் தர வேண்டும். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் 2001இலும், பல்லுயிர் பெருக்கச் சட்டம் 2002இலும் வந்தவை. அந்த விதையில் ஒரு பிடியை வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எழும்போது, பதில் உங்கள் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக இராது. சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தைப் பொறுத்ததாக இருக்கும்.

வயலில் தலைவர் பார்க்க வேண்டியவை

தலைவர் எல்லாத் துறைகளிலும் வல்லுநராக இருக்க முடியாது. ஆனால் ஆய்வு வடிவமைப்பில் மட்டும் ஏமாறாதவராக இருந்தே ஆக வேண்டும். விதைப்புக்கு முன் ஒவ்வொரு ஆய்வின் வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். ஒப்பிடும் இனங்களின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து, மறுபதிவுகளின், அதாவது ஒவ்வொரு இனத்தையும் வயலில் வைக்கும் தடவைகளின், எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து, இரண்டையும் பெருக்கினால் 12க்குக் குறையாமல் வர வேண்டும் என்பது தொகுதி வடிவமைப்பில் பழைய நடைமுறை. ஏழு இனங்களுக்கு மூன்று மறுபதிவு போதும். ஐந்து இனங்கள் என்றால் நான்கு மறுபதிவு வேண்டும். மூன்று இனங்களை மூன்று முறை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு, இயற்கையின் தற்செயலை நம் கண்டுபிடிப்பாகக் காட்டிவிடும். தொகுதிகள் மேடுபள்ளத்துக்குக் குறுக்கே, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் மண் ஒரே மாதிரி இருக்கும்படி அமைய வேண்டும். பாலாற்றங்கரை நிலங்களில் மேலே கரிசலாகத் தெரிந்தாலும் இரண்டு அடிக்குக் கீழே பழைய மணல் திட்டு ஓடுவது உண்டு. அது எங்கே ஓடுகிறது என்பதைப் பண்ணையின் மூத்த தொழிலாளி அறிவார், வரைபடம் அறியாது.

ஒப்பீட்டு ரகத்தைத் தேர்வதில்தான் மனிதரின் ஆசை புகுந்துவிடுகிறது. விவசாயிகள் இன்று பயிரிடும் சிறந்த ரகத்தை ஒப்பீட்டுக்கு வைக்காமல், பதினைந்து ஆண்டுக்கு முந்தைய, நோயில் நலிந்த ரகத்தை வைத்தால் எந்தப் புது ரகமும் வெற்றிபெறும். கரும்பில் கோ 86032 இருக்கும் வட்டாரத்தில் அதை ஒப்பீட்டில் சேர்க்காத ஆய்வுக்கு நிலமோ நீரோ ஒதுக்க வேண்டியதில்லை.

அறுவடை நாளில் தலைவர் வயலில் நிற்க வேண்டும். ஓர வரிசைகளை முதலில் அறுத்து அகற்றியபின் நடுவில் எஞ்சும் நிகரப் பாத்தியின் மகசூலைத்தான் எடைபோட வேண்டும். அவசரத்தில் இது தவறும். நெல்லின் ஈரப்பதத்தை அளந்து 14 சதவிகிதத்துக்குத் திருத்த வேண்டும். 12 சதுர மீட்டர் பாத்தியில் 6 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ என்று துள்ளத் தோன்றும். அந்த நெல்லின் ஈரம் 20 சதவிகிதம் என்றால், திருத்தியபின் அது சுமார் 4,650 கிலோதான். ஒரு பாத்தியைக் காலையில் பனியோடும் இன்னொன்றை மாலையில் வெயில் காய்ந்தபின்னும் எடைபோட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினால், மென்பொருள் ஆட்சேபம் சொல்லாது.

மலையடிவார நிலையங்களில் காட்டுப்பன்றியும் மயிலும் ஆய்வின் பங்காளிகள். வேலி, இரவுக் காவல் ஆகியவற்றின் செலவைத் திட்ட முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும். பின்னர் கேட்டால் “ஆராய்ச்சிக்கும் வேலிக்கும் என்ன தொடர்பு” என்று நிதிப்பிரிவு கேட்கும்.

மார்ச் 31க்கு முன்னும் பின்னும்

நவரை நெல் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ நடப்பட்டு ஏப்ரலில் அறுவடைக்கு வரும். கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கும். இரண்டையும் நிதியாண்டு நடுவே வெட்டிவிடுகிறது. நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில், நவரை ஆய்வு அறுவடைக்கு வந்த நேரத்தில் பழைய ஆண்டின் நிதி காலாவதியாகியிருந்தது, புதிய ஆண்டின் ஒதுக்கீடு வரவில்லை, கூலிக்குக் காசில்லை. நெல் முற்றி மணிகள் கொட்டத் தொடங்கின. ஒரு மறுபதிவின் தரவு முழுவதும் வீணானது. அந்த ஆய்வைச் செய்த மாணவர் ஓராண்டு காத்திருந்து மீண்டும் செய்தார். யாரும் தவறு செய்யவில்லை, எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள் என்பதே அதில் எனக்கு உறுத்தலாக இருந்தது.

அதற்குப்பின் நான் கடைப்பிடித்த முறை இது. நவரையில் நடவு செய்யும் ஒவ்வொரு ஆய்வுக்கும், ஏப்ரல் மாதக் கூலி எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து வரும் என்பதை நடவுக்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும். பண்ணை வருவாயிலிருந்தோ சுழல் நிதியிலிருந்தோ தற்காலிகமாக வழங்கும் ஆணையை ஜனவரியிலேயே கேட்டு வாங்க வேண்டும். கருவிகள் வாங்கும் பணியை செப்டம்பருக்குள் தொடங்க வேண்டும். அரசின் ஜெம் வலைதளத்தில் ஏலம் அறிவித்து, ஒப்பிட்டு, ஆணை தந்து, கருவி வந்து, பொருத்தி, சரிபார்த்துப் பணம் தருவதற்குள் நான்கைந்து மாதங்கள் ஓடிவிடும். பிப்ரவரியில் தொடங்கினால் மார்ச் கடைசி வாரத்தில் தேவையற்ற கண்ணாடிக் குடுவைகளை வாங்கிக் குவிக்கும் நிலைதான் வரும். பயன்பாட்டுச் சான்றுகளை ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் அனுப்பிவிட்டால், அடுத்த தவணை விதைப்புக்கு முன் வர வாய்ப்பு உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையொட்டிப் பொறுப்பும் மாறும். அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 75 சதவிகிதமும் மாநிலம் 25 சதவிகிதமும் ஏற்கின்றன. ஒரு பக்கத்துப் பங்கு தாமதமானால் மறுபக்கத்தை வைத்துச் சமாளிக்கும் கணக்கைத் தலைவர் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்களின் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்கிறது என்பதால், அங்குள்ள வண்டியையும் ஆட்களையும் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தின் வேலைக்கு எடுத்துக்கொண்டால் தணிக்கையில் கேள்வி வரும். தனியார் நிறுவனத்தின் உரத்தையோ மருந்தையோ கட்டணம் பெற்றுச் சோதிக்கும்போது, முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை பல்கலைக்கழகத்துக்கே என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திட வேண்டாம்.

ஆட்கள்

விஞ்ஞானிகளின் வாராந்திரக் கூட்டத்தை அறையில் நடத்தாமல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வயலில் நடத்திப் பாருங்கள். அறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஆய்வைப் பற்றிச் சொல்வார்கள்; வயலில் ஒருவர் ஆய்வைப் பற்றி மற்றவர் சொல்வார். களை மண்டிய பாத்தியின் முன் நின்றுகொண்டு முன்னேற்றம் திருப்திகரம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. கூட்டத்துக்குப் பண்ணை மேலாளரும் மூத்த தொழிலாளர்கள் இருவரும் வர வேண்டும். முதல் சில வாரங்கள் அவர்கள் பேசமாட்டார்கள், “இந்தப் பாத்திக்கு ஏன் தண்ணி லேட்டாப் போச்சுங்கம்மா?” என்று தலைவரே பெயர் சொல்லாமல் கேட்டுப் பழக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை விதைக்கும் வாரத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அறுவடைக்குப்பின் பேசினால் அது ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சாக இராது. மாணவருக்குத் தனித் தலைப்புத் தேடாமல், நிலையத்தின் நீண்டகாலக் கேள்வியின் ஒரு துண்டைத் தாருங்கள். அவர் இரண்டாண்டில் போய்விடுவார், கேள்வி இருக்கும்.

பரிந்துரையிலிருந்து விதைக்கு

புது ரகம் ஒன்று நிலைய ஆய்வு, பல இட ஆய்வு, உழவர் வயல் ஆய்வு எல்லாம் கடந்து மாநில ரக வெளியீட்டுக் குழு வரை செல்வதற்குள் பெரும்பாலும் ஒருவரின் தலைமைக்காலம் முடிந்துவிடுகிறது. அதைவிட மெதுவானது விதை. கரு விதையிலிருந்து வல்லுநர் விதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை என்ற படிகளில், மஞ்சள், வெள்ளை, நீல அட்டைகளாக அது விவசாயியை அடைய வேண்டும். நெல்லில் ஒரு கிலோ விதை நூறு கிலோவுக்கு மேல் பெருகும். நிலக்கடலையில் எட்டு, பத்து கிலோதான். ஆகவே நிலக்கடலை ரகம் வெளியீட்டுக்கு வரும் என்று தெரிந்த ஆண்டிலேயே, வெளியீட்டுக்குக் காத்திராமல், விதைப்பெருக்கத்துக்கு இரண்டு ஏக்கர் ஒதுக்கிவிட வேண்டும். வெளியீட்டு விழாவில் கைதட்டிய விவசாயி மறுநாள் விதை கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும்.

மாறுதலுக்கு முன்

1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் புதிய நெல் ரகங்களின் பரவலை ஆராய்ந்தன. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்தக் கிராமங்களுக்கே மீண்டும் சென்றன. பசுமைப் புரட்சியின் பயன் பெரிய விவசாயிகளோடு நின்றுவிடும் என்ற அச்சம் முதல் ஆய்வுக் காலத்தில் பரவலாக இருந்தது. சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும்கூட அந்த உயர்வில் பங்கு பெற்றிருந்ததை மறுஆய்வு காட்டியது. பழைய பதிவுகள் ஒழுங்காக இருந்ததால்தான் புதியவர்கள் மீண்டும் அந்த வாசல்களுக்கே போய் நிற்க முடிந்தது.

இதற்கு எதிர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். மாறுதலில் சென்ற ஒருவரின் சொந்த மடிக்கணினியோடு ஆறு பருவத் தரவு போய்விட்டது; நிலையத்தில் எஞ்சியது ஆண்டறிக்கையில் அச்சான சராசரிகள் மட்டும். ஆகவே தரவு எடுத்த வாரமே வயல் குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து நிலையக் கணினியிலும் வெளியே இன்னோர் இடத்திலும் சேமிக்க வேண்டும். குறிப்பேடு நிலையத்தின் சொத்து, பக்க எண் இட்டது, கிழிக்கக்கூடாதது. திருத்தம் என்றால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் இட வேண்டும். மழை, பாசனம், மருந்தடிப்பு, பன்றி புகுந்த இரவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது எந்தப் பாத்தியில் எத்தனை நாள் நீர் நின்றது என்று எழுதி வைத்தவரால் மட்டுமே அந்த ஆண்டின் விளைச்சலுக்கு விளக்கம் சொல்ல முடியும்.

உங்கள் மாறுதல் ஆணை வரும் முன்பே ஒப்படைப்புக் குறிப்பை எழுதத் தொடங்குங்கள். ஆணை வந்தபின் கிடைப்பது சில நாட்கள்தான், அதிலும் பாதி பிரிவு உபசாரத்தில் போய்விடும். நடப்பிலுள்ள ஒவ்வொரு ஆய்வும் எந்தப் பருவத்தில் இருக்கிறது, எந்தத் தவணை எங்கே நிற்கிறது, எந்த விவசாயிக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பவை முதல் பக்கத்தில் வரட்டும். இரண்டாம் பக்கத்தில், சரக்குப் பதிவேட்டில் இடம்பெறாதவற்றை எழுதுங்கள்: நிரந்தர ஆய்வுப் பாத்தியின் நான்கு எல்லைக்கற்கள் எங்கே புதைந்திருக்கின்றன, கோடையில் எந்தக் கிணறு எந்த வாரத்தில் வற்றும், விதை அறையின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, மணல் திட்டு ஓடும் வழியை அறிந்த அந்த மூத்த தொழிலாளி எந்த மாதம் ஓய்வுபெறுகிறார்.